கரமனை விலாசம்

சிரஞ்சீவி மஹேஷுக்கு,

ஐம்பது வருஷம் கரமனையில் இருந்த உன் அம்மாவுக்கு, புற்றுநோய் ஆஸ்பத்திரிப் படிவத்தில் உன் பெங்களூர் விலாசத்தை எழுதினாய். அது தப்பு.

"உன் பேத்தி மாளவிகாவுக்கு வரன் பாத்துண்டிருக்கோம்ப்பா, தெருவுல தெரியவேண்டாம்" என்றாய். தெருவுக்கு அன்றே தெரியும். சர்க்காருக்குத்தான் தெரியவில்லை.

உன் அம்மா போன பிறகு புற்றுநோய்ப் பதிவேட்டு அலுவலகத்தில் கேட்டேன். "ஸ்வாமி, எந்த ஊர்க்காரான்னு பாத்துதான் எண்ணுவோம். அம்மா பெங்களூர் லிஸ்ட்லயாக்கும்" என்றாள் அங்கிருந்த பெண். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அவர்களுடைய அறிக்கையை வரி விடாமல் படித்தேன். பரிசோதனை முகாம் எங்கே, டாக்டர் எங்கே என்பதையெல்லாம் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். நம் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் மறைத்திருக்கிறார்கள். பிறகு முகாம் எப்படி வரும்?

போன வாரம் அதே ஆஸ்பத்திரியில் என் பெயருக்கும் ஒரு படிவம் போட்டார்கள். விலாசத்தை நானே எழுதினேன்.

அம்மாவின் விலாசத்தைத் திருத்தச் சொல்லி நீ எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை வீட்டாரிடம் உன் மனைவி உள்ளதைச் சொல்ல வேண்டும். மற்ற இரண்டு வீட்டிலும் நான் பேசுகிறேன். செவ்வாய்க்கிழமை சிகிச்சைக்கு என்னோடு ஒருவர் இருக்க வேண்டுமாம். அதற்கு நீ வர வேண்டும்.

உன் அப்பா