மூன்றாம் பாதையின் காற்றாடி

4 மார்ச் 2025, செவ்வாய்

முழங்கால் வலியோடுதான் லண்டன் ஆவணக்காப்பகத்துக்குப் போனேன். ஓய்வு பெற்றதிலிருந்து அங்கே பழைய கோப்புகளுக்குத் தலைப்பு எழுதும் தொண்டு வேலை. இன்று வந்த கட்டின் மேல் சிலாங்கூர் நிலக்கரிச் சுரங்கம், தூதர் வருகை, 1955 என்றிருந்தது. மலாயாவில் நானும் தம்பியும் பிறந்த இடம். ஆசையாகத்தான் பிரித்தேன்.

முதலில் நிகழ்ச்சி நிரல். மே 17, காலை பத்தரைக்குத் தூதர் சுரங்கத்தின் முதல் பாதையில் இறங்குவார். பன்னிரண்டுக்கு மேனேஜர் பங்களாவில் விருந்து. அதற்கடியில் மேனேஜரின் கடிதம்: முதல் பாதையில் புழுக்கம் அதிகம், ஆகவே மூன்றாம் பாதைக்குள் காற்றை அனுப்பும் காற்றாடியை அன்று ஒருநாள் அங்கே மாற்றுகிறோம். அடுத்த தாள்: 11.20க்கு மூன்றாம் பாதையில் மணியம் என்ற கூலி நச்சுக்காற்றில் இறந்தான். விருந்தினருக்குத் தெரியாது. குடித்துவிட்டு, மூடிய பாதைக்குள் போனான் என்று எழுதிக்கொள்வது நல்லது.

மணியம் என் அப்பா.

கடைசியில் தூதரின் நன்றிக் கடிதம். கீழே காற்று இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லையாம்.

5 மார்ச்

பாவிகள். விருந்தாளிக்கு வேர்க்கக் கூடாதாம். அதுக்கு எங்கப்பனோட காத்தா கிடைச்சுது?

6 மார்ச்

அம்மா சாகும்வரை அந்தப் பொய்யை நம்பினாள். அப்பாவின் ஒரே படத்தையும் அடுப்பில் போட்டாள். அப்பா செத்த மூன்றாம் மாதம் பிறந்தவன் தம்பி லோகன். குடித்துச் செத்தவனுக்கு நீ எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினாள். எழுபது வருஷமாகத் திதி இல்லை.

அம்மாமேல் கோபப்பட எனக்கென்ன யோக்கியதை? லண்டனுக்குப் படிக்க வந்த புதிதில் லோகன் ஒரு பீர் குடித்தான். அப்பன் புத்தி என்று சொல்லி அறைந்தேன். நான்தான். இந்தக் கைதான்.

8 மார்ச், சனி

லண்டன் புறநகர் ஹரோவில் லோகன் வீடு. கோப்பின் நகல்களை மேசைமேல் வைத்தேன். இரண்டு தடவை படித்தான். திதி கொடு என்றேன்.

"அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன்க்கா."

"அம்மாகிட்டயே பொய் சொல்லிருக்காங்கடா."

"எழுபது வருஷம் ஆச்சு லா. விடுங்க" என்றான், மலேசியப் பேச்சு மாறாமல்.

விடுவதா? கத்தினேன். அவன் மனைவி ஷோபா கொண்டுவந்த தேநீரைத் தொடாமல் கிளம்பினேன். மெட்ரோபாலிட்டன் ரயிலில் தனியாகத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

1 ஏப்ரல்

கோப்புக்கு 'தூதர் வருகையும் மணியத்தின் மரணமும்' என்று தலைப்பு எழுதினேன். மேற்பார்வையாளர் ரஞ்சனா, நடுநிலையாக இல்லை என்று திருப்பி அனுப்பினாள். ஓர் எழுத்தும் மாற்றாமல் மறுபடி அனுப்பினேன்.

12 ஏப்ரல், சனி

ஒரு மாதத்துக்குப் பிறகு லோகன் போன் செய்தான். நலம்கூட விசாரிக்கவில்லை.

"எத்தனை மணின்னு போட்டிருந்துச்சுக்கா?"

"பதினொன்னு இருபது."

"ஐயர் நாளும் நேரமும் கேக்குறாரு."

வைத்துவிட்டான். 

அப்பா செத்த நாள்கூட எங்களுக்குத் தெரியாது, அம்மா சொன்னதே இல்லை. ஐயர் கணக்குப் பார்த்து வைகாசித் தேய்பிறைத் தசமி என்றாராம், ஷோபா பிறகு சொன்னாள். தூதரின் வருகைக்காகத் தட்டச்சு செய்த தாள்தான் எங்கள் அப்பாவின் திதியைச் சொல்லியிருக்கிறது. அதற்கு நான் அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டுமோ?

17 ஏப்ரல்

ரஞ்சனா தலைப்பை ஏற்றுக்கொண்டாள்.  

22 மே, வியாழன்

லோகன் வீட்டுக் கூடம். எழுபதை நெருங்கும் வயதில் முதல் தடவையாக அப்பாவுக்காகத் தர்ப்பை போட்டுக்கொண்டான். வைக்கப் படம் இல்லை. ஐயர் பெயர் கேட்டபோது "மணியம்" என்று சத்தமாகச் சொன்னான்.

எள்ளை எடுக்குமுன் எழுந்து போய் ஜன்னல்களையெல்லாம் திறந்தான். பின்கதவையும் திறந்தான். வெளியே நல்ல குளிர். விளக்கு நிற்காது, மூடிவிடுங்கள் என்றார் ஐயர்.

"இருக்கட்டும் ஐயரே. அப்பாவுக்குக் காத்து வரட்டும்."

விளக்கு மூன்று தடவை அணைந்தது. மூன்று தடவையும் நான் ஏற்றினேன்.