பிடிலை மட்டும் பதிவு செய்து அனுப்பு

ரோனோக், வர்ஜீனியா
4 மார்ச் 1984

அன்புள்ள டெல்மர்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் அக்கா ஓப்பலும் நலம். ஜனவரியில் வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாள்களைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. நீ கையெழுத்துப் போட்டால் அவை தபாலில் வந்து சேரும். போடாவிட்டால் நான் எழுதி என்ன ஆகப்போகிறது?

இது வேறு விஷயம். நவம்பரிலிருந்து பாஞ்சோ கற்றுக்கொள்கிறேன். சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடித்துவிடு.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் என்னோடு வேலை செய்யும் ரோண்டாதான் சொல்லித் தருகிறாள். அவளுக்கு முப்பது வயது, எனக்கு ஐம்பத்தேழு. விரலில் உறை மாட்டிக்கொண்டு படபடவென்று மீட்டுகிறார்களே, அது இல்லை. நம் மலைப்பக்கத்துப் பழைய அடி. கையைக் கோழிக்கால் மாதிரி மடக்கி, நகத்தின் முதுகால் கம்பியைக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். உடனே கட்டைவிரல் மேலே இருக்கும் குட்டைக் கம்பியைத் தட்டிவிட வேண்டும். டம்-டக்க, டம்-டக்க. மூன்று மாதம் இதை மட்டும்தான் செய்தேன். "வெரல ஆட்டாத லோரீன். கதவத் தட்டுற மாதிரி கையோட விழட்டும்" என்பாள்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். நீ வாசிக்கும் 'நனைந்த கோவேறு கழுதை' மெட்டைப் பிடிலில் மட்டும், மெதுவாக, ஒரு கேசட்டில் பதிவு செய்து அனுப்பு. ஹோபர்ட்டின் பாஞ்சோ அதில் வேண்டாம். அவன் இடத்தில் நான் வாசித்துப் பழக வேண்டும்.

லோரீன்

*

சவர்வுட் க்ரீக், வட கரோலினா
15 மார்ச்

லோரீனுக்கு,

சிரித்தேன். இரண்டு நாள் சிரித்தேன். ஹோபர்ட்டிடம் சொன்னேன். "லோரீனா? தகரக் கூரைல ஆலங்கட்டி விழுற மாதிரி இருக்குன்னு என்னையும் பாஞ்சோவையும் வெளிய வெரட்டுனவளா?" என்று அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பிடில் கேட்க வேண்டுமானால் வீட்டுக்கு வா. கேசட் எதற்கு?

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. பீன்ஸ் வேகவைக்கக் கற்றுக்கொண்டேன். சோளரொட்டிதான் சட்டியில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. பன்றிக்கொழுப்பு எவ்வளவு போடுவாய் என்று எழுது. வக்கீல் தாள்கள் ஃப்ரிட்ஜின் மேல் இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும்.

கேட்டுவிட்டாய் என்பதால் கேசட் அனுப்பியிருக்கிறேன்.

உன் கணவன்,
டெல்மர்

*

ரோனோக்
2 ஏப்ரல்

அன்புள்ள டெல்மர்,

கேசட் வந்தது. நன்றி. கொழுப்பு இரண்டு மேசைக்கரண்டி போதும். மாவை ஊற்றும் முன் சட்டி புகைய வேண்டும், அதுதான் முக்கியம்.

மெதுவாக என்று எழுதியிருந்தேன். வயிறு கலங்கியவன் கொல்லைக்கு ஓடுவது மாதிரி வாசித்திருக்கிறாய். முதல் சுற்று சரியாகத்தான் இருக்கிறது. நாலாவது சுற்றில் உன்னைக் காணோம், எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருக்கிறாய். ரோண்டா கேட்டுவிட்டு, "வில்லு நல்லாப் பேசுது. ஆனா கூட ஒரு ஆளு வாசிக்கிற நெனப்பே இல்லாத மனுசன் போலருக்கே" என்றாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. நான் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

மெட்டு முடிந்ததும் பதிவை நிறுத்த மறந்துவிட்டாய். நாற்காலி நகர்கிறது. பிறகு "லோரீன், காப்பி இருக்கா?" என்று கூப்பிடுகிறாய். அப்புறம் நாடா தீரும்வரை ஒன்றுமில்லை. நான் வீட்டை விட்டு வந்து பதினேழு மாதம் ஆகிறது.

கோபத்தில் எழுதவில்லை. ஆனால் ஒரு முறையாவது எழுத வேண்டும். நான் கிளம்புவதற்கு முந்தின மாதம், அக்டோபர் எட்டாம் தேதி, மார்பில் இருந்த கட்டியை எடுக்க ஆபரேஷன் என்று உன்னிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் பிடிலைக் கீழே வைக்காமல் "ம்" என்றாய். அன்று காலை நீயும் ஹோபர்ட்டும் பிடில் போட்டிக்குக் கிளம்பிப் போனீர்கள். ஓப்பல்தான் வந்து என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்ததும் அவள்தான். நீ ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பரிசு ரிப்பனோடு வந்து, "எங்க போயிருந்த, வீடு பூட்டியிருந்துச்சாமே?" என்று கேட்டாய்.

இன்னொரு கேசட் அனுப்பு. மெதுவாக.

லோரீன்

*

சவர்வுட் க்ரீக்
29 ஏப்ரல்

லோரீன்,

பதில் எழுத நாளாகிவிட்டது. நீ சொன்னது ஒரு முறைதான் ஞாபகத்தில் இருக்கிறது. மூன்று முறை என்று நீ எழுதினால் மூன்று முறைதான். நீ பொய் சொல்பவள் இல்லை. அன்றைக்கு நான் போனது தப்பு. இந்த ஒரு வரியை எழுத ஒரு வாரம் ஆனது. இதற்கு மேல் எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

கேசட்டைப் பதினோரு முறை பதிவு செய்தேன். மெதுவாக வாசிப்பது இவ்வளவு கஷ்டம் என்று அறுபது வயது வரை எனக்குத் தெரியாமல் போனது. வில் நடுங்குகிறது. வேகத்தில் மறைந்துபோன அபசுரமெல்லாம் வெளியே வந்து நிற்கிறது. ஓடாமல் இருக்கக் காலால் தரையைத் தட்டிக்கொண்டே வாசித்தேன். அந்தச் சத்தமும் கேட்கும், பொறுத்துக்கொள்.

இன்னொரு செய்தி. ஹோபர்ட் இனிமேல் என்னோடு வாசிக்க மாட்டானாம். போன வெள்ளிக்கிழமை நடு மெட்டில் எழுந்துவிட்டான். "இருபத்தாறு வருசமா லாரி பின்னால ஓடுற நாய் மாதிரி ஒன் பின்னால ஓடுறேன்டா. மூச்சு வாங்குது. ஒரு தடவயாச்சும் திரும்பிப் பாத்தியா?" என்றான். உன் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

ஆகஸ்ட் போட்டிக்கு எனக்குப் பாஞ்சோ வாசிக்க ஆளில்லை. நான் உன்னைக் கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன்.

டெல்மர்

*

ரோனோக்
17 ஜூன்

அன்புள்ள டெல்மர்,

இந்தக் கேசட் சரி. தினமும் வேலை முடிந்து வந்து இதோடு வாசிக்கிறேன். ஓப்பல் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சலவைத் தண்ணீரில் ஊறி என் நகம் இரண்டு முறை உடைந்துவிட்டது. இப்போது மருந்துக்கடையில் விற்கும் சிவப்பு ஒட்டு நகம் ஒன்றை ஆள்காட்டி விரலில் மட்டும் ஒட்டிக்கொண்டு அடிக்கிறேன். "யாருக்குடி இந்த அலங்காரம், அதுவும் ஒத்த வெரலுக்கு?" என்று வேலையில் எல்லோரும் கேட்கிறார்கள்.

கட்டைவிரலைக் குட்டைக் கம்பியிலிருந்து இறக்கி உள்கம்பியில் அடிப்பது இப்போதுதான் பிடிபடுகிறது. பத்துக்கு ஏழு முறை சரியாக விழுகிறது.

ஒன்று புரிந்தது. பாஞ்சோ பிடிலின் பின்னால் போகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பிடில்காரன் அடுத்த சுரத்தை எங்கே வைக்கலாம் என்று பாஞ்சோதான் இடம் போட்டுக் கொடுக்கிறது. மெட்டு முழுவதையும் நான் அடிக்க வேண்டியதில்லை, எதை அடிக்காமல் விடுவது என்று தெரிய வேண்டும். ஹோபர்ட் இதை இருபத்தாறு வருஷம் உனக்காகச் செய்திருக்கிறான். அவனைப் போய்ப் பார். போட்டிக்குக் கூப்பிடுவதற்கு அல்ல, மன்னிப்புக் கேட்பதற்கு.

நானும் ரோண்டாவும் ஆகஸ்டில் கூடாரத்தோடு போட்டிக்கு வருகிறோம். நான் மேடை ஏற மாட்டேன். மைதானத்தில் பார்த்தால் பார்க்கலாம்.

லோரீன்

*

சவர்வுட் க்ரீக்
13 ஆகஸ்ட்

அன்புள்ள லோரீன்,

சனிக்கிழமை மழை பெய்தது நல்லதாகப் போயிற்று. மேடையில் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்களாம். உங்கள் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

ஒரே மெட்டு, நாற்பது நிமிஷம். ஈரத்தில் உன் பாஞ்சோவின் முகத்தில் இழுத்துக் கட்டிய தோல் தொய்ந்து சத்தம் அமுங்கிப்போனது. நீ வாசிப்பது காதில் விழ நான் வில்லை லேசாக்க வேண்டியிருந்தது. அப்படி நான் யாருக்கும் செய்ததில்லை. உன் கட்டைவிரல் தவறிய இடத்தில் காத்திருந்தேன், நீ வந்து சேர்ந்தாய். "யாராச்சும் நிறுத்துனீங்க, கூடாரத்தப் புடுங்கிருவேன்" என்று ரோண்டா கத்தினாளே, அதற்குப் பிறகு நேரம் போனதே தெரியவில்லை.

ஹோபர்ட்டைப் பார்த்தேன். அரை மணி நேரம் தக்காளிச் செடியைப் பற்றிப் பேசிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்றான்.

கிளம்பும்போது, வீட்டுக்கு வந்துவிடு என்று உன்னிடம் சொன்னேன். "இப்ப கேக்காத. எழுது" என்றாய். எழுதிவிட்டேன். வீட்டுக்கு வா, லோரீன்.

உன்,
டெல்மர்

*

ரோனோக்
26 ஆகஸ்ட்

அன்புள்ள டெல்மர்,

நாலு தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் வரவில்லை.

தார்ப்பாய்க்குள் இருந்த அந்த நாற்பது நிமிஷம், நம் முப்பத்தொரு வருஷத்தில் ஆக நல்ல நேரம். நான் தடுமாறியபோது நீ தலையை நிமிர்த்தி என் கையைப் பார்த்தாய். எனக்காக நின்றாய். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் உனக்குப் புரியாது. ஆனால் ஊர் திரும்பும் வழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோண்டா வண்டியை ஓரம் கட்டி, "என்ன ஆச்சு? நல்லாத்தான வாசிச்ச?" என்றாள்.

"அவனால முடியுது ரோண்டா" என்றேன். "இத்தன வருசமும் அவனால முடிஞ்சிருக்கும்."

உன்னால் முடியாது என்று நம்பித்தான் அந்த வீட்டில் இருந்தேன், டெல்மர். சிலருடைய காது அப்படி, அவன் என்ன செய்வான் என்று சொல்லிக்கொண்டுதான் சமைத்தேன், துவைத்தேன். முடியும் என்று தெரிந்துகொண்ட பிறகு அதே சமையலறையில் வந்து நிற்க என்னால் ஆகாது. நீ மாறியிருக்கிறாய் என்பதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நானும் மாறிவிட்டேன். இங்கே எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. வியாழக்கிழமைகளில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் என்னோடு வாசிக்க ஏழு பெண்கள் இருக்கிறார்கள். நான் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள்.

தாள்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன்மேல் அன்பில்லாமல் இதைக் கேட்கவில்லை.

லோரீன்

*

சவர்வுட் க்ரீக்
10 செப்டம்பர்

லோரீன்,

தாள்கள் இத்துடன் உள்ளன. கையெழுத்துப் போட வேண்டிய எல்லா இடத்திலும் போட்டிருக்கிறேன். கையெழுத்துக்குச் சாட்சி முத்திரை வாங்க வங்கிக்குப் போனபோது அங்கிருந்த பெண், "நெசமாவா டெல்மர்? இன்னும் ஒரு வாரம் யோசிச்சுப் பாருங்களேன்" என்றாள். "யோசிக்க வேண்டியத அவ யோசிச்சுட்டாம்மா. நீ முத்திரையக் குத்து" என்றேன்.

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன்.

அக்டோபர் ஆறாம் தேதி, சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்தில் நடனமும் கோழி விருந்தும் வைக்கிறார்கள். பிடிலுக்கு என்னைக் கேட்டார்கள். பாஞ்சோவுக்கு யார் என்றும் கேட்டார்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஹோபர்ட் கிட்டார் வாசிக்க ஒப்புக்கொண்டான், ஆனால் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவானாம், நான் ஓட ஆரம்பித்தால் எழுந்து போக வசதியாக.

விவாகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வர முடியாவிட்டாலும் ஒரு வரி எழுது. நாங்கள் இரண்டு பேரும் சமாளித்துக்கொள்வோம்.

டெல்மர்

*

ரோனோக்
18 செப்டம்பர்

அன்புள்ள டெல்மர்,

தாள்கள் வந்தன. நன்றி.

ஆறாம் தேதி வருகிறேன். ரோண்டா காரோட்டி வருவாள். நடனம் முடிந்ததும் திரும்பிவிடுவோம், மறுநாள் காலை எனக்கு வேலை. சுருதி சேர்க்க நேரம் வேண்டும், ஐந்து மணிக்கே அங்கே இரு. ஆடுகிறவர்கள் வேகமாக வாசிக்கச் சொல்வார்கள். சொல்லட்டும்.

முதல் மெட்டை நான் ஆரம்பிக்கிறேன். நீ ஒரு சுற்று கேட்டுவிட்டு வந்து சேர்ந்துகொள்.

லோரீன்