மஞ்சள் ஹெலிகாப்டருக்கு ஒரு சார்ஜர்

என் கண்ணுத் தம்பி முருகையா,

முதலில் பிள்ளைகளின் சேதி. நீயும் அதைத்தான் முதலில் கேட்பாய். மூத்த பேத்தி கவிதா மின்சாரப் படிப்பை முடித்து, ஜொகூர் பாருவில் பெரிய தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள். கழுத்தில் அட்டை தொங்கப் போகிறாள், வருகிறாள். சின்னவள் தேன்மொழி தாதிப் பயிற்சியில் வகுப்புக்கே முதல். லாபிஸில் இருக்கும் பேரன் புகழ், எஸ்.பி.எம். பரீட்சையில் தமிழுக்கு ஏ பிளஸ். கணக்கைப் பற்றி மட்டும் கேட்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வீட்டில் இத்தனை படிப்பு. பீற்றிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

இனி உன் சேதி. போன ஞாயிறு உனக்கு ஓராண்டுப் படையல் போட்டோம். மீன் கறி, நெத்திலி வறுவல், சீனி குறைத்த கோப்பி எல்லாம் வைத்தோம். ஆனால் அதற்கு முன்னால் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சிங்கப்பூர் வேலையை விட்டு வந்த பிறகு, உனக்குப் பெண்டாட்டி பிள்ளை எல்லாம் அந்தக் குட்டி ரிமோட் ஹெலிகாப்டர்கள்தானே. படையலன்று அதில் ஒன்றையாவது பறக்கவிட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். உன் பிஸ்கட் டின்னைத் திறந்தோம். மூன்றில் இரண்டுக்குப் பேட்டரி பலூன் மாதிரி உப்பிக் கிடந்தது. மஞ்சள் நிறத்தது மட்டும் தட்டையாக, நல்லபடியாக இருந்தது. அந்த மாதிரிப் பேட்டரி இப்போது எந்தக் கடையிலும் வருவதில்லையாம். அதையும் கெடுத்துவிட்டால் முடிந்தது கதை.

சார்ஜரைத் தேடினோம். அலமாரி, மெத்தைக்கு அடியில், சாமி மேடைக்குப் பின்னால் என்று எங்கும் இல்லை. மருமகன் மணியம் மட்டும் தேடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தை, அது கறுப்பா, சின்னதா, வயர் நீளமா இருக்குமா?"

"ஆமா."

"அப்ப அது மாமாகூடவே போயிருச்சு."

உனக்கு நினைவிருக்க வழியில்லை. உன் பெட்டியில் வேட்டி, மூக்குக்கண்ணாடி, சீப்பு என்று உனக்குப் பிடித்ததை எல்லாம் வைத்தோம். கைப்பேசியையும் ஹெலிகாப்டரையும் வைக்கப் போனபோது, பேட்டரி உள்ளது எதுவும் தீயில் வெடிக்கும் என்று சுடலைக்காரர் எடுக்கச் சொல்லிவிட்டார். கைப்பேசிதான் போகவில்லை, அதன் சார்ஜராவது போகட்டும் என்று மணியம் தலையணைக்குப் பக்கத்தில் ஒன்றைச் செருகியிருக்கிறார். அது கைப்பேசியுடையது இல்லை, ஹெலிகாப்டருடையது. அதாவது, இங்கே ஹெலிகாப்டர், அங்கே சார்ஜர்.

"அலமாக்! சின்னத் தாத்தா அங்க அத வச்சுக்கிட்டு என்னதான் பண்ணுவாரு?" என்று தேன்மொழி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மணியம் தன் கைப்பேசி சார்ஜரை எடுத்து வந்தார். "வயர வெட்டி ஒட்டிப்புடலாம் லா. கரண்டுன்னா எல்லாம் ஒரே கரண்டுதானே?"

"அப்பா, ஒழுங்கா உக்காருங்க. வீடு எரிஞ்சா இன்னொரு படையல் போடணும்" என்றாள் கவிதா.

அவளும் நானும் குளுவாங் கடைத்தெருவில் விளையாட்டு வண்டி விற்கும் சீனர் கடைக்குப் போனோம். அவருக்கு உன்னைத் தெரியும். பேட்டரியைக் கையில் வாங்கியதுமே, "இது தம்பியோடதா, ஆச்சி?" என்று மலாயில் கேட்டார். மீட்டரை வைத்துப் பார்த்தார், உயிர் இருக்கிறது என்றார். பாதி நிரப்பி வைத்தால்தான் பேட்டரி கெடாதாம், நீ அப்படித்தான் எடுத்து வைப்பாய் என்று கவிதா சொன்னாள். மற்ற இரண்டையும் ஏனப்பா அப்படி வைக்கவில்லை? கடைசியாக எப்போது பறக்கவிட்டாய்?

அவர் முதலில் எடுத்துக் கொடுத்த சார்ஜரின் முனை, பேட்டரி வயரில் கச்சிதமாகப் பொருந்தியது. எனக்குச் சந்தோஷம். பணத்தைக் கொடுக்கப் பையைத் திறந்தேன். கவிதா என் கையைப் பிடித்தாள்.

"பாட்டி, வாய் பொருந்துனா மட்டும் போதாது. இது உள்ள ரெண்டு அறை இருக்குற பேட்டரிக்கு, வோல்ட் ரெண்டு மடங்கு. நம்மளோடது ஒரே அறை. இதப் போட்டா இதுவும் உப்பிடும்."

வேறொன்றை எடுத்தார்கள். பேட்டரியில் மூன்று புள்ளி ஏழு வோல்ட், சார்ஜரில் நான்கு புள்ளி இரண்டு. எண் ஒன்றாக இல்லையே என்றேன். எண் படிக்க எனக்கும் தெரியும் அல்லவா?

"நிரம்பும்போது நாலு புள்ளி ரெண்டு வரைக்கும் ஏறும், பாட்டி. அங்க நிறுத்தத் தெரிஞ்ச சார்ஜர்தான் வேணும். வேகமா ஏத்துறதும் வேணாம். இது சின்ன வயிறு."

சுவரில் நேராகச் செருகுகிற மூன்று கால் சார்ஜர் அது. லித்தியம் பேட்டரிக்கு என்று எழுதியிருந்ததை அவள் இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகுதான் வாங்கினோம்.

வீட்டில் மெத்தை, துணி எதுவும் பக்கத்தில் இல்லாமல், அடுப்படித் தரையில் வைத்துச் செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பொங்கல் பானைக்குக்கூட நான் அப்படிக் காவல் இருந்ததில்லை. அவ்வப்போது குனிந்து பேட்டரியைத் தொட்டேன். சூடு இல்லை, உப்பவும் இல்லை. விளக்கு பச்சைக்கு மாறியபோது நான் போட்ட சத்தத்தில் மணியம் குளியலறையிலிருந்து துண்டோடு ஓடி வந்தார்.

படையல் முடிந்து, இலை எடுத்த பிறகு, எல்லாரும் பின்பக்கத் திடலுக்குப் போனோம். கவிதா ஓட்டினாள். முதலில் தரையில் தத்தியது, பக்கவாட்டில் சாய்ந்து புல்லில் விழுந்தது. மறுபடியும் வைத்தாள். இந்த முறை எழும்பியது. கூரை உயரத்துக்குப் போய், அங்கேயே சற்று நின்றது. நீ அதை அசையாமல் அத்தனை நேரம் எப்படி நிறுத்திவைப்பாய்? எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே.

இனி ஒவ்வொரு படையலுக்கும் அது பறக்கும். நானே சார்ஜ் போடுவேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், முடிந்ததும் கழற்றிப் பாதி நிரப்பி எடுத்து வைப்பேன். இது உன் அக்கா கொடுக்கும் வாக்கு.

இந்தக் கடிதத்தை நினைவஞ்சலியாகப் போடப்போகும் பத்திரிகை ஐயாவுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் ஏற்கெனவே கொடுத்தது அடையாள அட்டைக்கு எடுத்த படம். அதில் தம்பி யாரோ திட்டியது போல இருக்கிறான். அது வேண்டாம். திடலில் மணியம் எடுத்த புதுப் படத்தை அனுப்பியிருக்கிறேன். அதில் ஹெலிகாப்டர்கூடத் தெரியாது, படத்தின் விளிம்புக்கு மேலே போய்விட்டது. நாங்கள் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பார்க்கிறோம். தயவுசெய்து அதையே போடுங்கள்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
பார்வதி,
குளுவாங்