ஒரு கன்ட்ரோலர் போதும்

குட்டிம்மாவின் அம்மாவுக்கு,

நீங்கள் இருவரும் நலமா? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கட்டில் வெல்டர் அண்ணன் எழுதுகிறார். போன மாதம் அட்டைப்பெட்டி அழுத்தும் இயந்திரத்தில் வலது கை கொஞ்சம் மாட்டிக்கொண்டது. சின்னக் காயம்தான். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், மகாராஜா மாதிரி படுத்திருக்கிறேன்.

"கொஞ்சமா? பொண்டாட்டிகிட்டயாவது உண்மையச் சொல்லுப்பா" என்று அண்ணன் முறைக்கிறார். இதை எழுதாதீர்கள் என்றேன், எழுதிவிட்டார்.

குட்டிம்மா கேட்ட வீடியோ கேம் பெட்டியை வாங்கிவிட்டேன். கையில் பிடித்துப் பொத்தானை அழுத்தி விளையாடும் கன்ட்ரோலர், விலை கூடியதில் இரண்டு, மலிவானதில் ஒன்றுதான். "ரெண்டு இருக்கிறதே வேணும்ப்பா, நீங்க வந்ததும் சேர்ந்து விளையாடணும்" என்று போன தடவை ஊருக்கு வந்தபோதே சொல்லியிருந்தாள். கடையில் நானும் அதைத்தான் கேட்டேன், காசும் இருந்தது. கடைக்காரர் ஒரு கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து, "அழுத்திப் பாருங்க" என்றார். பார்த்தேன். மலிவானதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா கஞ்சன் என்று அவளிடம் சொல்லிவிடு.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பித்தான் இல்லாத சட்டை இரண்டு கொடுத்துவிடு. நீ தைத்த தலையணை உறை ஒன்றும். துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

பெட்டியைக் கொண்டுவரும் டிரைவர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்

தங்கச்சி, இது அவனுக்குத் தெரியாம நான் எழுதுறது. வலது கையில கட்டைவிரல் இல்லம்மா. குழந்தைகிட்ட அவனைக் கஞ்சன்னு மட்டும் சொல்லிடாதே.