வடகிழக்கு மூலை

1996 ஆனி, புதன்கிழமை

கோபம் ஆறவில்லை, நித்திரையும் வரவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்த எங்கள் வெள்ளவத்தை வீட்டு வளவில் இப்போது தெருவே குப்பை கொட்டுகிறது. இன்று ஆமிக்காரர் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே ஆயுதம் தேடினார்கள். மெட்டல் டிடெக்டர் தகரப்பேணிக்கெல்லாம் கத்தியது. வடகிழக்கு மூலையில் விடாமல் கத்தியது.

என்ன புதைத்தாய் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டான். வீட்டுக்கு அத்திவாரம் போட்ட அன்று அப்பா வைத்த பஞ்சலோகம் என்றேன். நம்பாமல் கிண்டினார்கள். கல்லுக்கடியில் செம்புச் சிமிழ் இருந்தது. உள்ளே பொன், வெள்ளி எல்லாம் அப்படியே.

அதிகாரி அதை நீட்டி, வீட்டுக்குக் கொண்டு போ என்றான்.

"வாங்கிக்கொண்டு வாங்கோ அக்கா, ஒண்டும் கதைக்காதேங்கோ" என்றான் தம்பி.

நான் வாங்கவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "அது வீட்டில்தான் இருக்கிறது. வைத்து மூடு."

மூடும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.