ஜன்னல் சோதனை

திண்டிவனம்,
ஞாயிறு

அன்பு மகள் சித்ராவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இனியவனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும். வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று நீ சொல்வதை மட்டும் நான் நம்பவில்லை, போனில் உன் கன்னம் ஒட்டியிருப்பது தெரிகிறது. இதையும் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் உன் பிள்ளை இனியவன் பிடுங்கிக்கொள்கிறான், மீறிப் பேசினால் பாதியில் நீ அழுகிறாய், எனக்குக் கோபம் வருகிறது, சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. உன்னோடு வேலை பார்க்கும் கலையரசி லீவு முடிந்து நாளை மஸ்கட் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பை வறுத்த மல்லாட்டை இருக்கிறது, அங்கே விற்கிற வேர்க்கடலை மாதிரி இருக்காது, பை பிரிந்திருந்தால் எனக்குச் சொல்.

முதலில் முக்கியமானது. இனியவனை விழுப்புரத்தில் அந்த விடுதிப் பள்ளியில் சேர்ப்பதாகப் பேசி முடித்தோமே, அதை நிறுத்திவிட்டேன். உன்னை அதற்குச் சம்மதிக்க வைத்ததும் நான்தான், இப்போது வேண்டாம் என்பதும் நான்தான். முழுதாகப் படித்துவிட்டுப் பேசு. போன ஜூனில் இருந்து வகுப்பில் அவனுக்குத் துணையாகப் புனிதா என்று ஒரு ஆசிரியையைப் போட்டிருக்கிறார்களே, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்றே படித்த பெண், ஊர் முகையூர்ப் பக்கம். அவளை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே சிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினாள். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராகவே காலம் தள்ளியவன் நான், கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை நீட்டுகிறவனைத்தான் இன்னொரு தடவை பார்ப்பேன். போய்ப் பார்த்தால் மற்றப் பிள்ளைகளெல்லாம் நடுவில் இருக்க நம் பையனை மட்டும் சுவரோரமாக உட்கார வைத்திருக்கிறாள். சத்தம் அவனுக்குத் தாங்காது என்று காதில் பெரிய மூடி ஒன்று வேறு மாட்டியிருக்கிறாள். பாடம் கேட்கவேண்டிய காதை மூடிவிட்டு என்ன படிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை சவுரியம்மாள் என்னைக் கூப்பிட்டு, பையன் இப்பல்லாம் ரொம்பக் கத்துறான், மத்த பசங்களும் பயந்துக்கினு அழுவுதுங்க, வேற எடம் பாக்கலாமான்னு வூட்ல பேசிப் பாருங்க என்றார்கள். நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இவள் ஏதோ செய்து அவனைக் கத்த வைக்கிறாள், அதைச் சொல்லி அவர்கள் அவனை வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினேன். சொல்லாமல் போனால்தானே அது சோதனை. ஒருநாள் காலையில், இன்னொரு நாள் சாப்பாட்டுக்கு முன்னால் என்று வேளையை மாற்றி மாற்றிப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நான் போன நாளெல்லாம் கத்தினான் சித்ரா. என்னைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான், புனிதா கையைப் பிடித்து நிறுத்துவாள், அவன் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டு தரையில் விழுந்து கத்துவான். என்னைக் காப்பாற்று தாத்தா என்றுதான் ஓடி வருகிறான் என்று நினைத்தேன். ஒருநாள் அவள் வெளியே வந்து, ஐயா ஜன்னலாண்ட நிக்காதீங்க, பெல் அடிச்சப்புறம் வாங்க, அதான் அவனுக்கு நல்லது என்றாள். செக்கிங் வராதே என்று ஒரு கண்டக்டர் சொன்னால் அந்த வண்டியை விடுவேனா நான். எம்பேரனப் பாக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாரும்மா என்று கேட்டுவிட்டு வந்து, அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்து விடுதியில் சேர்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நீ அழுதாய், மாப்பிள்ளை கூட யோசிக்கலாம் மாமா என்றார், நான் விடவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் விழுப்புரம் போய் அந்த விடுதியைப் பார்த்தேன். இடம் சுத்தமாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரிசையாகக் கட்டில்களைப் பார்த்ததும், உன் அம்மாவின் முந்தானையைப் பிடிக்காமல் தூங்காதவன் இங்கே என்ன செய்வான் என்ற நினைப்பு வந்துவிட்டது. அன்று அவனை அழைத்துவர உன் அம்மா போனாள். சத்தமே இல்லங்க, சமத்தா வந்துட்டான் என்றாள். அவள் பேரனை விட்டுக்கொடுக்க மாட்டாள், அதனால் நான் நம்பவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் புனிதாவையே நிறுத்திக் கேட்டேன். நீங்க ஊர்ல இல்லன்னு முன்னாடியே சொல்லிட்டீங்க, அதனால படத்த மாத்தி அவன் ஆயா, உங்க வூட்டம்மா படத்த வெச்சேன், அமைதியா இருந்தான் என்றாள். என்ன படம் என்றேன். உள்ளே கூட்டிப்போய் அவன் உட்காரும் சுவரைக் காட்டினாள். அதற்காகத்தான் அவனுக்குச் சுவரோரமாம். தமிழ்ப் புத்தகம், எண்ணுகிற குச்சி, சாப்பாட்டுத் தட்டு, ஊஞ்சல் என்று வரிசையாகப் படம் ஒட்டியிருக்கிறது. ஒன்று முடிந்தால் அவனே அதை எடுத்து டப்பாவில் போடுகிறான், அடுத்தது என்ன என்று தெரிவதால் பயமில்லாமல் இருக்கிறான். ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்து அலங்காரம் என்று நினைத்திருந்தேன். கடைசிப் படம் நான், என் டிவிஎஸ் வண்டியோடு. தாத்தா வந்தா வூட்டுக்குப் போவணும், அதாங்க அவனுக்குக் கணக்கு, நீங்க நடுவுல வந்து நின்னா கெளம்பிடறான், நான் எப்படிங்க அனுப்பறது, நீங்களும் திரும்பிப் போயிடறீங்க என்றாள்.

உடனே ஒப்புக்கொள்கிற ஆளா உன் அப்பா. பள்ளிக்கு எதிர் டீக்கடையில், ஜன்னலுக்குத் தெரியாத பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். யாரையாவது தேடிக்கினு இருக்கீங்களா சார் என்று கடைக்காரரே கேட்டுவிட்டார். ஒரு சத்தம் இல்லை. நான் அங்கே இருப்பதைப் பார்த்துவிட்டுப் புனிதா அவன் வாயைப் பொத்துகிறாளோ என்றுகூட நினைத்தேன், அதை உன் அம்மாவிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆக, பிள்ளையைக் கத்த வைத்தது நான், அந்தக் கத்தலைக் காட்டி அவனை அனுப்ப இருந்ததும் நான். எழுதக் கூச்சமாக இருக்கிறது. சவுரியம்மாளிடமும் போய்ச் சொன்னேன், அப்படின்னா இங்கியே இருக்கட்டுங்க என்றார்கள். வாய்வார்த்தைதான், அந்தப் பக்கம் என் ஒரு கண் எப்போதும் இருக்கும். இப்போது மணி அடித்த பிறகுதான் போகிறேன். அவன் என் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்து, படத்தையும் என் முகத்தையும் பார்த்து, சரியாக இருந்தால்தான் வண்டியில் ஏறுகிறான். ஊரையே செக்கிங் செய்தவனை அவன் செக்கிங் செய்கிறான்.

இனி உன் விஷயம். ஏப்ரல் மாதம் நீங்கள் வருவதாகப் புனிதாவிடம் வாயை விட்டுவிட்டேன், அவள் உன் படம் கேட்கிறாள். முன்பே பார்த்துப் பழகினால் மிரளமாட்டானாம். நான் கொடுக்கவில்லை. தீபாவளிக்கு வருகிறேன் என்றாய், பிறகு பொங்கலுக்கு என்றாய். லீவு கிடைக்கவில்லையா, நீ கேட்கவே இல்லையா என்பது எனக்கு இன்னும் தெரியாது. நானும் உன் அம்மாவும் அதைத் தாங்கிக்கொண்டோம். அவனுக்கு அப்படி முடியாது. உன் படம் சுவரில் ஏறிவிட்டால் நீ வந்தாக வேண்டும். வராவிட்டால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டில் வருகிற போகிற முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பான், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் விமான டிக்கெட் எடுத்ததும் முதலில் எனக்கு அனுப்பு. பெயரும் தேதியும் பார்த்துவிட்டுத்தான் உன் படத்தைக் கொடுப்பேன்.

திருவக்கரை அம்மன் உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும், வெயிலில் அலையாதே. ஒன்று மறக்காதே, அவனை விட்டுப் போன அன்று நீ போட்டிருந்த மஞ்சள் சுடிதாரில் படம் எடுத்து அனுப்பு. வரும்போதும் அதையே போட்டுக்கொண்டு வா.

உன் அப்பா,
அரங்கநாதன்