நாம் அடைப்புக்குள் வைத்த சொல்

நேற்றுப் பின்னேரம் உன் தங்கை வெள்ளவத்தைக்கு வந்து ஒரு பைலைத் தந்துவிட்டுப் போனாள். "அக்காட அலுமாரியில கிடந்தது. மேல உங்கட பேர் எழுதியிருக்கு," என்றாள். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். ஓட்டோ நிற்கிறது என்று படியிறங்கிவிட்டாள். பைலைத் திறந்ததும் உன் கைப்பையின் வாசம் வந்தது, தைலமும் பெப்பர்மிண்டும் கலந்த அதே வாசம். உள்ளே ஒரே ஒரு தாள். நீ போய் எட்டு மாதமாகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதாத நான் இன்று எழுதுகிறேன் என்றால், காரணம் அந்தத் தாள்தான்.

கொள்ளுப்பிட்டித் தூதரகத்தில் நாம் இருவரும் எத்தனை வருடம் உள்ளூர் ஊழியர்களாக இருந்தோம். நான் மொழிபெயர்ப்பாளர், நீ கூட்டங்களுக்குப் பொறுப்பு. நமக்குச் சம்பளம் தந்த நாடு பெரிய நாடுமில்லை, சின்ன நாடுமில்லை. அதன் கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் பத்திரிகையில் படம்கூட வராது. யாரையும் மிரட்டுகிற பலம் அதற்கில்லை, தனியாக எதையும் கட்டிக் கொடுக்கிற வசதியுமில்லை. ஆகவே மற்ற நாடுகளைக் கூப்பிட்டு ஒரே மேசையில் இருத்தி, எல்லோரையும் சேர்ந்து ஒரு காரியம் செய்ய வைக்கும். அதன் வெளியுறவுக் கொள்கை என்றால் அவ்வளவுதான். நீ அதை இன்னும் சுருக்கிச் சொல்லுவாய். "பெரிய நாடு கட்டளை போடும், சின்ன நாடு தலையாட்டும், எங்கட நாடு கதிரை போடும்." எங்கட நாடாம். உண்மையில் கதிரை போட்டது நீதான். எவருக்குப் பக்கத்தில் எவரை இருத்தக் கூடாது, கோபம் ஏறும் நேரம் பார்த்து எப்போது மீன் வைத்த மாலுபாண் தட்டை உள்ளே அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும்.

அந்தக் கூட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. அறிக்கையில் ஒரு சொல்லை யாராவது ஏற்காவிட்டால் அதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள். எல்லோரும் சம்மதித்த பிறகுதான் அடைப்பை எடுக்கலாம், அதுவும் எல்லோரும் அறையில் இருக்கும்போது மட்டும். நாம் அதை நம் சிநேகத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம். எந்தக் கடையில் சேலை எடுப்பது என்று சண்டை வந்தால், "சரி, அடைப்புக்குள்ள போடு, பிறகு கதைப்பம்," என்பாய். இரண்டு நாளில் எடுத்தும் விடுவோம்.

ஒன்றை மட்டும் எடுக்கவில்லை.

வடக்கில் கண்ணிவெடி அகற்றுவதற்குப் பல நாடுகளைச் சேர்த்த கூட்டம் அது. சனம் தங்கள் காணிகளுக்கு 'உடனடியாக'த் திரும்ப வழி செய்யப்படும் என்று வரைவில் இருந்தது. அந்த ஒரு சொல்லில் காலை முழுவதும் போனது. ஒருவர் வேண்டும் என்றார், இன்னொருவர் அந்தச் சொல் இருந்தால் கையெழுத்தில்லை என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் எங்கள் அதிகாரி என்னிடம் வந்து, எல்லோரும் விழுங்கக்கூடிய மாதிரி ஒரு வசனம் இருக்கிறதா என்று கேட்டார். 'நிலைமைக்கேற்பப் படிப்படியாக' என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

அதைத் தட்டச்சு செய்தது நீ. உன் அம்மாவின் காணி கண்ணிவெடிக்காக அடைத்த வேலிக்கு உள்ளே கிடந்தது. நம் தெருவில் வாடகை அறையொன்றில், கட்டிலுக்குக் கீழே உறுதிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு, அம்மா காத்திருந்தார். எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த நேரம் நினைவு வரவில்லை என்று உனக்குச் சொன்னேன். நினைவு வந்தது. உள்ளூர் ஊழியருக்கு அபிப்பிராயம் இல்லை என்பது கந்தோர் விதி. நீ ஒரு வார்த்தையும் பேசமாட்டாய் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

பின்னேரம் காலி வீதி பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டும் வரை நீ டிக்கட்டை மடித்து மடித்துப் பிரித்தாய். பிறகு, "எழுத முந்தி என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம்," என்றாய்.

"அந்த நேரம் நினைவு வரேல்ல. கேட்டிருந்தாலும் நீ வேண்டாம் எண்டிருப்பாய். ஒரு இடத்திலையும் வேலை தொடங்கியிராது," என்றேன்.

"ஓம். அதுவும் சரிதான். எண்டாலும் கேட்டிருக்கலாம்."

பையிலிருந்து பழைய வரைவை எடுத்தாய். ஆடும் பஸ்ஸில் மடியில் வைத்து, 'உடனடியாக' என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் அடைப்புப் போட்டாய். "திறக்கிறது என்ர பக்கம், மூடுறது உன்ர பக்கம். ரெண்டு பேரும் அழிச்சாத்தான் இது முடியும்."

வேலை தொடங்கியது. நாடுகள் சேர்ந்துதான் செய்தன, பல குடும்பங்கள் ஊர் திரும்பின. என் வசனம் இல்லாவிட்டால் அது நடந்திராது என்று இன்றைக்கும் நம்புகிறேன். உங்கள் காணியின் முறை கடைசியில் வந்தது. அதற்குள் அம்மா அந்த வாடகை அறையிலேயே போய்விட்டார். செத்த வீட்டில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய், கணக்குத் தீர்க்கும் பார்வை ஒன்றுகூட இல்லை. அதன் பிறகும் சனிக்கிழமைதோறும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கல்லில் இருந்து கடலைப் பார்த்தோம். ஊர்க்கதை எல்லாம் கதைத்தோம். அந்தச் சொல்லை மட்டும் இருவரும் தொடவில்லை. களுபோவில ஆஸ்பத்திரியில் கடைசி நாள்கூட நீ கேட்டது, என் பிளாட்டில் தண்ணீர் வருகிறதா என்று.

இப்போது தொலைக்காட்சியில் நடுத்தர நாடுகள் என்று ஓயாமல் பேசுகிறார்கள். பெரியவர்கள் அடிபடும்போது இவர்கள்தான் கைகோர்த்து உலகத்தைத் தாங்க வேண்டுமாம். கோட் போட்ட ஒருவர் அரை மணித்தியாலம் விளக்கினார். யார் கதிரை போடுவது என்று அவர் சொல்லவேயில்லை. திரும்பிப் பார்த்தேன், சேர்ந்து சிரிக்க ஆளில்லை. தனிமை என்றால் இதுதான் போலிருக்கிறது. சேர்ந்து அழுவதற்கு ஆளில்லாமல் போனதை எப்படியோ சமாளித்துவிட்டேன், இதை முடியவில்லை.

அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. 'உடனடியாக'வுக்கு முன்னால் இருந்த அடைப்பு இல்லை. அழுத்தி அழித்திருக்கிறாய், தாள் அந்த இடத்தில் மெலிந்து வெளிச்சம் தெரிகிறது. எப்போது அழித்தாய்? அம்மா போனபோதா, காணி வந்தபோதா, நோய் என்று தெரிந்த பிறகா? மன்னித்தாயா, அலுத்துப்போனாயா? வாழ்நாளில் ஒரு விதியை மீறாதவள், நான் அறையில் இல்லாத நேரம் பார்த்து உன் பக்கத்தை எடுத்துவிட்டாய். கோபம் வருகிறது. ஒரு சனிக்கிழமை சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேனே, உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று. நினைவு வந்தும் கேட்கவில்லை என்று.

இதோ, இப்போது சொல்லிவிட்டேன். என் பக்கத்து அடைப்பு மட்டும் தாளில் தனியாக நிற்கிறது. காலையிலிருந்து அழிறப்பர் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடக்கிறது. அதையும் அழித்துவிட்டால் கூட்டம் முடிந்துவிடும். எனக்கு இன்னும் எழும்ப மனமில்லை.